சியாட்டில் குழு, பெவருங்கன் முகவரி

சொந்த நாட்டில் கவனிக்கப்படாத ஓர் இசைக்குழுவை வெளிநாட்டில் கொண்டாடினால், ‘உள்ளூர் மாடு விலை போகாது’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பழமொழி ஆறுதல் தரும், காரணத்தைச் சொல்லாது. அமெரிக்காவின் வாக்கபவுட்ஸ் குழுவை எடுத்துக்கொள்வோம். அலாஸ்காவின் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்தபோது அறிமுகமான கிறிஸ் எக்மனும் கார்லா டார்கர்சனும் 1984இல் சியாட்டிலில் தொடங்கிய குழு இது. கன்ட்ரியும் நாட்டுப்புற இசையும் ராக் கிடாரும் கலந்த பாட்டு. எக்மனின் கரகரத்த குரலுக்குப் பக்கத்தில் டார்கர்சனின் தெளிந்த குரல். 1990களில் ஐரோப்பா போன அமெரிக்கப் பயணி ஒருவர் தன் நாட்டுக் குழுவான இதை முதன்முதலாக ஒரு ஜெர்மன் ரெக்கார்டுக் கடையில் கண்டெடுக்கும் வாய்ப்பு உண்மையிலேயே இருந்தது. ரசனையைவிட, பாட்டைக் கேட்பவரிடம் கொண்டுசேர்க்கும் வழி எங்கே இருந்தது என்பதுதான் அதற்குக் காரணம் என்பது என் வாதம்.

சியாட்டிலில் இக்குழுவின் ஆல்பங்களை வெளியிட்ட சப் பாப் நிறுவனம், 1991இல் நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’ வெற்றிக்குப் பிறகு கிரஞ்ச் இசையின் மறுபெயராகவே ஆகிவிட்டது. செல்லோவும் ஆர்கனும் வைத்துச் சோகப்பாட்டு பாடுகிறவர்களுக்கு அந்த இரைச்சலில் இடமில்லை. கன்ட்ரி வானொலிகளோ நாஷ்வில் சரக்கைத் தாண்டுவதில்லை. தூரமும் பகைதான்: சியாட்டிலிலிருந்து சான்பிரான்சிஸ்கோ சுமார் 1,300 கிலோமீட்டர், நடுவில் பெரிய ஊர் என்றால் போர்ட்லேண்ட் ஒன்றுதான். ஜெர்மனியில் ஹாம்பர்கிலிருந்து கொலோனுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான் தூரம். பிரேமன், மியூன்ஸ்டர், டார்ட்மண்ட் எல்லாம் வழியிலேயே வருகின்றன. நகராட்சி உதவியோடு நடக்கும் கலாசார மையங்களும் அந்நாட்டில் பல உண்டு. சிறிய வேனில் சுற்றும் குழுவுக்கு இந்தக் கணக்கு சோறு போடும். இதற்கெல்லாம் மேலாக, வேசர் ஆற்றங்கரையில் பெவருங்கன் என்ற சிற்றூரில் கிளிட்டர்ஹவுஸ் இருந்தது. ரசிகர் பத்திரிகையாகத் தொடங்கி, இசை வெளியீடு, தபால்வழி விற்பனை என்று வளர்ந்த நிறுவனம் அது. சப் பாப் ஆல்பங்களை ஐரோப்பாவில் வெளியிட்டதும் அதுதான். 1993இல் வாக்கபவுட்ஸின் ‘சாட்டிஸ்ஃபைட் மைண்ட்’ ஐரோப்பாவுக்கென்றே வந்தது. கார்ட்டர் குடும்பத்தின் பழைய மலைநாட்டுப் பாட்டையும் சார்லி ரிச்சையும் நிக் கேவையும் பாட்டி ஸ்மித்தையும் ஒரே குரல்வளத்தில் சேர்த்துப் பாடிய ஆல்பம். எந்த வானொலி அட்டவணையிலும் அடங்காத இப்படியொரு தொகுப்பைத் தபால் பட்டியலில் நாலு வரி எழுதியே விற்க முடியும். படிப்பவர் அந்த வரிகளை நம்பினால் போதும்.

ஜெர்மானியருக்கு அமெரிக்க மேற்கின்மேல் தீராத மோகம் உண்டு, அதுதான் காரணம் என்று மறுக்கலாம். அமெரிக்க மேற்கின் மண்ணை மிதிக்காமலே வின்னெட்டு கதைகளை எழுதிய கார்ல் மேயைப் படித்து வளர்ந்தவர்கள் அவர்கள். மோகம் இருந்தது உண்மை. ஆனால் அது நூறாண்டுப் பழசு. 1993இல் இந்த ஒரு குழு ஏன் என்பதற்கு அது விடையாகாது. 1996இல் வந்த ‘டெவில்ஸ் ரோட்’ கொலோனில் பதிவாகி, வார்சா பில்ஹார்மோனிக்கின் வயலின்கள் சேர்ந்த ஆல்பம். கௌபாய்க் கனவுக்கு அதில் தீனி குறைவு. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: அந்த ஆல்பத்தை வெளியிட்டது வர்ஜின், ஆகவே பெரிய நிறுவனத்தின் பணம்தான் பேசியது என்பது. பணம் கூட்டத்தைப் பெருக்கியது, மறுக்கவில்லை. ஆனால் வர்ஜின் வந்தது கிளிட்டர்ஹவுஸ் கேட்பவர்களைத் திரட்டிய பிறகு. வர்ஜினில் இரண்டு ஆல்பங்களோடு உறவு முடிந்ததும், 1999இல் ‘டிரெய்ல் ஆஃப் ஸ்டார்ஸ்’ மறுபடி பெவருங்கனிலிருந்தே வந்தது. பணம் போன பிறகும் கேட்பவர்கள் இருந்தார்கள். இது எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது.

பின்னாளில் எக்மன் ஸ்லோவேனியாவின் லியூப்லியானாவில் குடியேறினார். மாலி நாட்டு துவாரெக் குழுவான தமிக்ரெஸ்டின் முதல் ஆல்பத்தை அவர் தயாரிக்க, 2010இல் அதைக் கிளிட்டர்ஹவுஸ் வெளியிட்டது. 2013இல் அந்நிறுவனத்தாரோடு சேர்ந்து, இப்படிப்பட்ட இசைக்கென்றே கிளிட்டர்பீட்டைத் தொடங்கினார். மாலியின் கிடால் ஊர்ப் பாலைவன கிடாரும் சியாட்டிலின் சோகப்பாட்டு போன அதே வழியாகத்தான் ஐரோப்பியக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.