ஐந்து ஸ்ரீயும் மூன்று ஸ்ரீயும்

1846 செப்டம்பரில் காட்மாண்டு அரண்மனையின் கோட் எனப்படும் படைக்கல முற்றத்தில் நடந்த படுகொலையில் எதிரணிப் பிரபுக்களை ஒழித்துக்கட்டிப் பிரதமரான ஜங் பகதூர், மறு ஆண்டே மன்னர் ராஜேந்திரரை நீக்கி அவர் மகன் சுரேந்திரரை அரியணையில் ஏற்றினார். 1856இல் பிறந்த சனத் என்னும் அரச ஆணை, பிரதமர் பதவியை ஜங் பகதூரின் ராணா குடும்பத்தில் அண்ணனிடமிருந்து தம்பிக்குச் செல்லும் பரம்பரை உரிமையாக்கியது. மன்னர் பெயருக்கு முன் ஐந்து ‘ஸ்ரீ’யும் பிரதமர் பெயருக்கு முன் மூன்றும் இடப்பட்டன என்றாலும், கஜானாவும் படையும் பிரதமரிடமே இருந்தன. விஷ்ணுவின் அம்சமாகப் போற்றப்பட்ட மன்னர், நவராத்திரியை ஒட்டிவரும் தசைன் பெருவிழாவில் நெற்றித் திலகமாகிய டீகாவை இட்டு ஆசி வழங்கலாம். ஆட்சியில் அவருக்குச் சொல் கிடையாது. இந்து அரசு என்னும் உரிமைக்கு முடிசூடிய ஒருவர் தேவைப்பட்டதே மன்னர்களின் ஷா வம்சம் பிழைத்திருந்ததற்குக் காரணம். அதில் ராணாக்களின் கருணை ஏதுமில்லை.

1911இல் ஐந்து வயதில் அரியணையேறிய திரிபுவனர், 1950 நவம்பர் 6 அன்று வேட்டைக்குச் செல்வதாகச் சொல்லிக் குடும்பத்துடன் புறப்பட்டு, வழியில் இந்தியத் தூதரகத்துக்குள் காரைத் திருப்பினார். பிரதமர் மோகன் சம்ஷேர் உடனே, அரண்மனையில் விடப்பட்டிருந்த மூன்று வயதுப் பேரன் ஞானேந்திரருக்கு முடிசூட்டியதை இந்தியா ஏற்க மறுத்தது. 1951 பிப்ரவரியில் திரிபுவனர் நாடு திரும்ப, ராணா ஆட்சி முடிந்தது. அந்தக் குழந்தை மன்னரே 2001இல் மீண்டும் அரியணையேறி, 2008இல் நேபாளத்தின் கடைசி மன்னராக அதை இழந்தார்.