ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்

பீட்டில்ஸ் குழு 1967 பிப்ரவரியில் வெளியிட்ட ஆங்கிலப் பாடல். எழுதிப் பாடியவர் ஜான் லெனன். குழுவின் வழக்கப்படி லெனன், சக உறுப்பினர் பால் மெக்கார்ட்னி இருவர் பெயரிலும் வெளிவந்தது. நீளம் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். ஸ்பெயினில் ஒற்றைக் கிட்டாருடன் முனகிப் பார்த்த டெமோவிலிருந்து கடையில் விற்ற இசைத்தட்டு வரை, இந்தப் பாடலின் ஏறக்குறைய எல்லாப் படிநிலைகளும் ஒலிநாடாவில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. வெற்றிபெற்ற ஒரு பாட்டு எப்படி உருவாகிறது என்பதைக் காதாலேயே பின்தொடர இவ்வளவு வாய்ப்பளிக்கும் பதிவுகள் குறைவு. அப்படிப் பின்தொடர்ந்தால், அது டெமோவிலிருந்து நேர்க்கோட்டில் வளர்ந்து வரவில்லை என்பது தெரிகிறது. முடிந்தது என்று ஒதுக்கி வைத்த ஒரு பதிவை ஆக்கியவரே கலைத்தார், வேறொன்றைச் செய்தார், பிறகு இரண்டையும் வெட்டி ஒட்டச் சொன்னார்.

பின்னணி

1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் அரங்கில் வாசித்ததோடு பீட்டில்ஸ் மேடைச் சுற்றுப்பயணங்களை நிறுத்திக்கொண்டது. நால்வரும் சில வாரங்கள் தனித்தனியே பிரிந்தனர். ஜார்ஜ் ஹாரிசன் பம்பாய்க்கு வந்து ரவி சங்கரிடம் சிதார் பயின்றார். லெனன், ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கிய ‘ஹவ் ஐ வன் த வார்’ படத்தில் சிப்பாய் வேடத்தில் நடிக்கத் தென்கிழக்கு ஸ்பெயினின் அல்மேரியாவுக்குப் போனார். படப்பிடிப்பில் நடிகருக்குக் காத்திருப்பதே பெரும்பாடு. அந்தக் காத்திருப்பில்தான் பாட்டு பிறந்தது. அவருக்கு அப்போது வயது 26.

பெயர் லிவர்பூலைச் சேர்ந்தது. ஊல்டன் பகுதியில் சால்வேஷன் ஆர்மி 1936 முதல் நடத்திவந்த குழந்தைகள் இல்லம் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்’. அத்தை மிமியிடம் லெனன் வளர்ந்த மென்லவ் அவென்யூ வீட்டிலிருந்து அது நடந்துபோகும் தூரம். ஆண்டுதோறும் அங்கே நடக்கும் தோட்ட விழாவுக்கு, பேண்டு வாத்திய ஓசை கேட்டதுமே அத்தையை இழுத்துக்கொண்டு ஓடுவாராம். பாடலில் இல்லத்தைப் பற்றிய செய்தி ஒன்றும் இல்லை. தான் மற்றவர்களைப் போல இல்லை என்று சின்ன வயதிலிருந்து உறுத்திவந்த ஓர் எண்ணத்துக்கு அந்த இடத்தின் பெயர் கூரையாக நிற்கிறது, அவ்வளவுதான்.

டெமோக்கள்

அல்மேரியாவில் பதிவான முதல் டெமோக்களில் ஒரு கிட்டாரும் தயங்கும் ஒரு குரலும் மட்டுமே உண்டு. பல்லவி இன்னும் பிறக்கவில்லை. சரணம் என்று ஒன்றே ஒன்று, அதுவும் வெளிவந்த பாடலில் இரண்டாவதாக வருவது. தன் அலைவரிசையில் வேறு யாரும் இல்லை என்பதை அதன் தொடக்க வடிவம் ஒளிவுமறைவின்றிச் சொன்னது. அடுத்தடுத்த முயற்சிகளில் அந்த நேரடிப் பேச்சு மறைந்து, அதே எண்ணம் பாடல்வரியில் வரும் ஒரு மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. தற்பெருமையாகப் படுமோ என்ற கூச்சம் காரணமாக இருக்கலாம். எப்படியானாலும், பாடலைக் காப்பாற்றிய முதல் திருத்தம் இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்ல வந்ததைப் பாதி விழுங்கிப் பேசும் ஒருவரின் நடை அங்கேதான் அமைந்தது.

நவம்பரில் லண்டனுக்கு வெளியே வேபிரிட்ஜில் இருந்த தன் ‘கென்வுட்’ வீட்டுக்குத் திரும்பியதும் லெனன் வேலையைத் தொடர்ந்தார். ஒரு டேப் ரெக்கார்டரில் பதிந்ததை ஓடவிட்டு, அதன்மேல் பாடிக்கொண்டே இன்னொன்றில் பதிவதுதான் அவருடைய வீட்டு முறை. பல்லவி இந்தக் கட்டத்தில் சேர்ந்துவிட்டது. மின்கிட்டார் வந்தது. மெல்லோட்ரான் என்ற புதுக் கருவியும் நுழைந்தது.

மெல்லோட்ரானைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். பர்மிங்காமில் தயாரான இந்த விசைப்பலகைக் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா இருக்கும். கட்டையை அழுத்தினால் அந்த நாடாவில் ஏற்கெனவே பதிந்துவைத்த உண்மையான புல்லாங்குழலோ வயலினோ ஒலிக்கும். சுமார் எட்டு நொடியில் நாடா தீர்ந்து ஒலி நின்றுவிடும். இன்றைய கீபோர்டு வாசிப்பவர்கள் ‘சாம்பிள்’ என்று சொல்வதன் முன்னோடி அது. புல்லாங்குழல்தான், ஆனால் ஊதுபவரின் மூச்சு இல்லாத புல்லாங்குழல். பாடலின் புகழ்பெற்ற முகப்பிசை அந்தக் கருவியில் பால் மெக்கார்ட்னி வாசித்தது.

முதல் பதிவு

1966 நவம்பர் 24 இரவு, லண்டன் அபே ரோட்டிலுள்ள இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில் பணி தொடங்கியது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக், 21 வயதை எட்ட இன்னும் சில நாள் இருந்த இளைஞர். லெனன் முதலில் தனியாகக் கிட்டாருடன் பாடிக்காட்டியபோதே மார்ட்டின் மயங்கிவிட்டார். அதை அப்படியே பதிந்திருக்கலாமே என்று பின்னாளில் அவர் ஏங்கியதுண்டு.

அன்று பதிவான முதல் டேக், அதாவது முதல் பதிவு முயற்சி, சரணத்தில் தொடங்குகிறது. ஹாரிசனின் சறுக்குக் கிட்டார், பின்குரல்களின் இணைப்பு எல்லாம் மென்மையானவை. எதுவும் குறையாத ஒரு பதிவு அது. வேறு எந்தக் குழுவும் அதை அப்படியே வெளியிட்டிருக்கும். நான்கு நாள் கழித்துக் கூடியபோது அமைப்பையே மாற்றினார்கள். மெல்லோட்ரான் முகப்பு முன்னால் வந்தது, பல்லவி முதலில் வந்தது. நவம்பர் 29 அன்று ஆறாவது டேக் திருப்தியாக அமைய, அதிலிருந்து ஏழாவது உருவானது.

இந்த எண்கள் சிலரைக் குழப்பும். அபே ரோட்டில் அப்போதிருந்த கருவிகளில் நான்கு டிராக்குகள், அதாவது தனித்தனி ஒலித்தடங்கள், மட்டுமே. நான்கும் நிரம்பியபின் இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால், இருப்பதையெல்லாம் கலந்து இன்னொரு கருவியில் ஒன்றிரண்டு டிராக்குகளுக்குள் அடக்கி, மீதியைக் காலியாக்கிக்கொள்வார்கள். அப்படிப் பெயர்த்தெழுதிய பிரதிக்கும் புதிய டேக் எண் கிடைக்கும். ஒவ்வொரு பெயர்ப்பிலும் நாடாவின் இரைச்சல் கூடும். அதைவிட முக்கியமானது, கலந்ததைப் பிறகு பிரிக்க முடியாது. டிரம் ஒலி கொஞ்சம் அதிகம் என்று மறுநாள் தோன்றினால் தோன்றியதோடு சரி. முடிவுகளை அப்போதைக்கப்போதே எடுத்தாக வேண்டிய இந்த நெருக்கடி, டிராக்குகளுக்குப் பஞ்சமே இல்லாத இன்றைய கணினிப் பதிவில் இல்லை.

ஏழாவது டேக்கை ஒற்றைத்தட ஒலிக்கலவையாக்கி, கேட்டுப் பார்க்கத் தட்டும் வெட்டிக் கொடுத்தார்கள். பாடல் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். குழு ‘வென் ஐ’ம் சிக்ஸ்டி ஃபோர்’ பாடலுக்குப் போய்விட்டது.

இரண்டாம் பதிவு

லெனன் தட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டார். தன் மனதில் இருந்தது இது இல்லை என்றார். அவர் எதிர்பார்த்ததைவிடப் பதிவு கனமாகிவிட்டதாக ஒரு குறை. ஆனால் பரிகாரமாக அவர் கேட்டது இன்னும் கனமான ஒன்று. டிரம்பெட், செலோ வாத்தியங்களுக்கு இசைக்குறிப்பு எழுதித் தரும்படி மார்ட்டினிடம் சொன்னார். முரண்தான். கூடத்தில் லெனன் என்ன வேண்டும் என்பதை விளக்கத் தெரியாதவர், என்ன வேண்டாம் என்பதை உடனே அறிந்தவர். மார்ட்டினின் சாமர்த்தியம் இந்த இரண்டாவது குணத்தோடு வேலை செய்யக் கற்றுக்கொண்டதில் இருந்தது.

டிசம்பர் 8 மாலை தாளப்பகுதியைப் புதிதாகப் பதியத் தொடங்கினார்கள். மார்ட்டினும் எமெரிக்கும் கிளிஃப் ரிச்சர்டின் ‘ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்’ பட முதற்காட்சிக்குப் போயிருந்ததால், கூடத்தின் தொழில்நுட்பப் பொறியாளர் டேவ் ஹாரிஸ் பொறுப்பேற்றுப் பதிவைத் தொடங்கிவைத்தார். இந்தத் தாளத்துக்குப் பழைய பதிவின் அடக்கம் கிடையாது. ரிங்கோ ஸ்டாரின் டிரம் முழங்குகிறது. அதைச் சுற்றிப் பலர் கைக்குக் கிடைத்த தாளக் கருவிகளைத் தட்டுகிறார்கள். நாடாவைத் தலைகீழாக ஓட்டிப் பதிந்த சிம்பல் ஒலி, அடி விழும் முன்பே உறிஞ்சிக்கொண்டு எழுகிறது. 15ஆம் டேக்கின் பெரும்பகுதியையும் 24இன் கடைசிப் பகுதியையும் இணைத்து ஒரே பதிவாக்கினார்கள்.

ஹாரிசன் அதன்மேல் சுவரமண்டலத்தை மீட்டினார். இந்துஸ்தானிப் பாடகர்கள் மடியில் வைத்து வருடுகிற அதே தந்திக் கருவி. இந்தியாவிலிருந்து திரும்பிச் சில வாரங்களே ஆகியிருந்த ஹாரிசன் ராகம் எதையும் விரிக்க முயலவில்லை. பல்லவியின் விளிம்பில் தந்திகளை ஒருமுறை வருடிச் செல்கிறார். அந்தச் சிக்கனம் பாராட்டத்தக்கது. டிசம்பர் 15 அன்று நான்கு டிரம்பெட்டுகளும் மூன்று செலோக்களும் வந்தன. எல்லாவற்றையும் அடக்கிய பிரதிக்கு எண் 26. லெனன் மறுபடி பாடினார்.

ஒட்டு

இப்போது கையில் இரண்டு முழுப் பதிவுகள். ஏழாவது அமைதியானது, இருபத்தாறாவது மூர்க்கமானது, வேகமும் சுருதியும் கூடியது. லெனன் இரண்டையும் கேட்டுவிட்டு, முதலாவதின் தொடக்கம் பிடித்திருக்கிறது, இரண்டாவதின் மிச்சம் பிடித்திருக்கிறது, சேர்த்துவிடுங்கள் என்றார். சுருதியும் வேறு, வேகமும் வேறு என்று மார்ட்டின் எடுத்துச் சொன்னார். உங்களால் முடியும் என்று சொல்லிவிட்டு லெனன் போய்விட்டார்.

நாடாவில் வேகமும் சுருதியும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. பேட்டரி இறங்கிய கேசட் பிளேயரில் பாட்டு இழுத்துக்கொண்டு, பாடுபவரின் குரலும் தடித்துக் கேட்கும் அல்லவா, அதே நியதி. டிசம்பர் 22 அன்று மார்ட்டினும் எமெரிக்கும் ஏழாவதைச் சற்று விரைவாக்கி, இருபத்தாறாவதை மெதுவாக்கிப் பார்த்தபோது அதிர்ஷ்டம் கைகொடுத்தது. வேகம் கூடிய பதிவே சுருதியும் கூடியதாக இருந்ததால், ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றதும் அருகே வந்து நின்றது. நேர்மாறாக அமைந்திருந்தால் அக்காலக் கருவிகளைக் கொண்டு எதுவும் செய்திருக்க முடியாது. நாடாவைச் சாய்வாக வெட்டி ஒட்டினார்கள். ஏறத்தாழ முதல் நிமிடம் முடியும் இடத்தில், இரண்டாம் முறை பல்லவி எடுக்கையில் அந்த ஒட்டு வருகிறது. தெரியாமல் கேட்பவருக்குப் புலப்படாது. தெரிந்தபின் கேட்காமலிருக்க முடியாது.

இதன் துணைவிளைவு ஒன்று பலராலும் கவனிக்கப்படுவதில்லை. வேகம் குறைத்ததால் பிற்பகுதியில் லெனனின் குரல் தடித்து, தூக்கம் கலையாதவர் பேசுவது போலாகிவிட்டது. பாடலின் கனவுத்தன்மை என்று விமர்சகர்கள் வியக்கும் குணத்தில் ஒரு பங்கு, இரண்டு துண்டுகளைப் பொருத்துவதற்காகச் செய்த கணக்கின் மிச்சம்.

பாடல் தேய்ந்து மறைந்து, மறுபடி எழுந்து வந்து குழம்பி அடங்குகிறது. அங்கே லெனன் ஏதோ முணுமுணுக்கிறார். மெக்கார்ட்னி இறந்துவிட்டார் என்று 1969இல் பரவிய வதந்திக்கு அந்த முணுமுணுப்பையும் சாட்சிக்கு இழுத்தார்கள். அவர் சொன்னது ஒரு பழச் சாஸின் பெயர்.

வெளியீடு

எப்போது முடிந்தது என்பதைக் கடைசியில் தீர்மானித்தது வணிகம். 1966 இறுதியில் குழுவிடமிருந்து புதுப் பாடல் எதுவும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பழைய பாடல்களின் தொகுப்பையே விற்றார்கள். பீட்டில்ஸ் காலம் முடிந்தது என்று பேச்சு எழ, மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் உடனே ஒரு சிங்கிள் தட்டு கேட்டார். மார்ட்டின் இருந்தவற்றில் சிறந்த இரண்டையும் கொடுத்தார்: இந்தப் பாடலும், மெக்கார்ட்னி லிவர்பூலின் இன்னொரு இடத்தைப் பற்றி எழுதிய ‘பென்னி லேன்’ பாடலும். இரு பக்கமும் முதற்பக்கமாகக் கருதப்பட்ட அந்தத் தட்டு அமெரிக்காவில் 1967 பிப்ரவரி 13 அன்றும் பிரிட்டனில் 17 அன்றும் வெளியானது. உறையின் பின்புறம் நால்வரின் குழந்தைப் பருவப் படங்கள். ஸ்வீடனைச் சேர்ந்த பீட்டர் கோல்ட்மன், கென்ட் மாவட்டத்தின் நோல் பூங்காவில் விளம்பரப் படம் எடுத்தார்.

பிரிட்டனின் ‘ரெக்கார்ட் ரீட்டெய்லர்’ பட்டியலில் தட்டு இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை. முதலிடத்தில் ஆறு வாரம் அமர்ந்திருந்தது எங்கல்பர்ட் ஹம்பர்டிங்கின் ‘ரிலீஸ் மீ’. (அந்தப் பாடகர் 1936இல் சென்னையில் பிறந்தவர் என்பது நமக்கு ஓர் உபரித் தகவல்.) அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் ‘பென்னி லேன்’ முதலிடம் பெற்றது, இது எட்டாம் இடம். சிங்கிளாக வந்த பாடலை ஆல்பத்தில் சேர்க்கக் கூடாது என்று பிரிட்டனில் அவர்கள் பின்பற்றிய வழக்கத்தால், அதே ஆண்டின் ‘சார்ஜண்ட் பெப்பர்’ ஆல்பத்தில் இரண்டு பாடல்களுக்கும் இடமில்லாமல் போயிற்று. தன் தொழில்வாழ்வின் மிகப் பெரிய தவறு என்று மார்ட்டின் இதைப் பிற்காலத்தில் பலமுறை சொல்லி வருந்தினார்.

பின்வரலாறு

1963இல் தங்கள் முதல் ஆல்பத்துக்கான பத்துப் பாடல்களை ஒரே நாளில் பதிந்த குழு இது. இந்த ஒரு பாட்டுக்கு நான்கு வாரம் எடுத்துக்கொண்டது. அப்போதும் லெனனுக்கு நிறைவில்லை. பல ஆண்டுகள் கழித்துச் சந்தித்தபோது, பீட்டில்ஸ் பாடல்கள் அனைத்தையும் திரும்பப் பதிய விரும்புவதாக அவர் சொல்ல, மார்ட்டின் திகைத்து இந்தப் பாடலையுமா என்று கேட்டிருக்கிறார். முதலில் அதைத்தான் என்பது போலப் பதில் வந்ததாம்.

இடைநிலைப் பதிவுகள் நெடுங்காலம் திருட்டுத் தட்டுகளில் மட்டும் உலவின. 1996இல் ‘ஆந்தாலஜி 2’ தொகுப்பில் வீட்டு டெமோவும் முதல், ஏழாம் டேக்குகளும் முறையாக வெளிவந்தன. ‘சார்ஜண்ட் பெப்பர்’ ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு, 2017இல், நான்காம் டேக்கையும் வெட்டப்படாத இருபத்தாறாவதையும் சேர்த்துத் தந்தது. மார்ட்டினும் அவர் மகன் ஜைல்ஸும் 2006இல் ‘லவ்’ ஆல்பத்துக்காக அமைத்த வடிவம், டெமோவில் தொடங்கி அடுத்தடுத்த டேக்குகள் வழியே இறுதிப் பதிவுக்கு ஒரே ஓட்டமாகச் செல்கிறது.