வழிநடை உரிமையும் வாழிட உரிமையும்

பொது வீதியில் நடக்கும் உரிமையை நம் சமூகத்தார் எளிதிற் பெற்றாரல்லர். 1924-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையிற் கொணர்ந்த தீர்மானம் நிறைவேறிய பின்னரே, பொதுச்சாலை, கிணறு, குளம் முதலியன எல்லா வகுப்பினர்க்கும் உரியன என்று சர்க்கார் உத்தரவு பிறந்தது. ஆயின், சாலை நம் குடியிருப்பின் மீதே வருங்கால், நம்மைக் கேளாமல் வரலாமோ? இஃது அவ்வுரிமையின் மறுபாதியாம்.

அமெரிக்காவில் கறுப்பு இனத்தார் இதனைப் பட்டறிந்தனர். செயின்ட் பால் நகரில் ராண்டோ என்பது அவர்தம் பேட்டை. வீடும் கடையும் தேவாலயமும் செறிந்தது. 1956-இல் நெடுஞ்சாலைச் சட்டம் பிறந்ததும், 94-ஆம் எண் சாலை அதனூடே போடப்பட்டது. வடக்கே இருப்புப்பாதையை ஒட்டி வேறு வழி உண்டென்று நகரத் திட்ட நிபுணர் ஜார்ஜ் ஹெரால்டு எடுத்துரைத்தும் பயனில்லை. பிலாய்டு மாசி என்னும் போதகரும் திமத்தி ஹவார்டும் சங்கம் கூட்டி வாதாடினர். சாலையை உயர்த்திக் கட்டாமல் தரைமட்டத்திற்குக் கீழே தாழ்த்தி அமைக்கச் செய்ததே அவர்கள் பெற்ற பலன். 600-க்கு மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. 2015-இல் நகர மேயர் மன்னிப்புக் கோரினார். இடிந்த வீடுகளோ மீளவில்லை.

நம் நாட்டில் 2018-இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கு, பழைய வட ஆற்காட்டின் பகுதியாகிய திருவண்ணாமலை ஜில்லாவிலும் நிலம் அளக்கப்பட்டது. நீளம் 277 கிலோமீட்டர். குடியானவர்கள் அளவைக் கற்களைப் பிடுங்கியெறிந்து எதிர்த்தனர். 2019 ஏப்ரல் 8-இல் சென்னை ஐகோர்ட் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-இல் சுப்ரீம் கோர்ட் அவ்வறிவிக்கைகள் செல்லுமென்றது. எனினும், நிலத்தை எடுக்குமுன்பே வருவாய்க் கணக்கிற் பெயர் மாற்றியது செல்லாதெனத் தீர்ப்பளித்தது.

இதனால் அறியத்தக்கது யாதெனில், கணக்கிற் பெயருள்ளவனுக்கே நியாயஸ்தலத்தில் நிற்க இடமுண்டு. பட்டா உடையவர் வழக்காடலாம். அந்நிலத்தில் கூலி செய்வோரும் புறம்போக்கிற் குடியிருப்போரும் யாது செய்வர்? நம்மவரிற் பலர் இவ்வகையினரே. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டமோ, மூன்றாண்டுகளாக அந்நிலத்தை நம்பிப் பிழைக்கும் கூலியாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே கொள்கிறது. இதனை நம்மவர் பலர் அறியார்.

சோளிங்கர் அடங்கிய இராணிப்பேட்டை ஜில்லாவின் ஊடே செல்லும் சென்னை–பெங்களூர் விரைவுச்சாலைக்கு 2022-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. இனியும் சாலைகள் வரும். அவை வேண்டாவென்பது நம் கருத்தன்று. ஆகவே, கிராமந்தோறும் நம் சங்கத்தார் வீட்டு மனை, குடியிருப்பு, கூலித்தொழில் ஆகியவற்றுக்குரிய ஆதாரங்களைத் திரட்டி, கணக்கெடுப்பு நடக்கும் நாளிலேயே ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும் பதிவாகும்படி செய்தல் வேண்டும். அளவைக்கல் நட்டபின் கூடும் கூட்டத்தினும், நடுமுன் கூடும் கூட்டமே பயன் தரும்.