பவுலின் நிருபங்களும் வட திருநெல்வேலிக் கூடார ஊழியமும்

திருவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதனால் சர்ச் மிஷனரி சங்கத்தின் 19-ஆம் நூற்றாண்டு ஆவணங்கள் திருவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தை 'வட திருநெல்வேலி' என்றே குறிக்கின்றன. 1854-இல் தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் என்ற ஆங்கிலேயக் குருவானவர் இரு துணைவர்களுடன் இங்கே கூடாரம் அடித்து ஊர் ஊராகச் செல்லத் தொடங்கினார். ஆதித் திருச்சபையின் கடிதங்கள் ஆன்மிக வளர்ச்சி பற்றிச் சொன்னவை தமிழ்நாட்டுச் சபைகளில் எப்படி உரசிப் பார்க்கப்பட்டன என்பதை அறிய, அந்தக் கூடார ஊழியத்தையும் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிருபம் என்ற சொல்

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் 21 கடித வடிவில் உள்ளன. அவற்றில் 13 பவுலின் பெயரைத் தாங்கியவை. அவற்றுள் ஏழு ஐயமின்றி அவருடையவை என்பதில் அறிஞர் பெரும்பாலும் உடன்படுகின்றனர். மிகப் பழையதாகக் கருதப்படும் தெசலோனிக்கேயர் முதல் நிருபம் ஏறக்குறைய கி.பி. 50-இல் எழுதப்பட்டது.

தமிழில் சீர்திருத்தச் சபையார் இக்கடிதங்களை 'நிருபம்' என்றும் கத்தோலிக்கர் 'திருமுகம்' என்றும் வழங்குகின்றனர். இரண்டும் அரசனின் ஓலையைக் குறித்த சொற்கள். சோழர் கல்வெட்டுகளில் திருமுகம் என்பது அரசாணை. மதுரைச் சொக்கநாதர் பாணபத்திரருக்காகச் சேரமானுக்கு அனுப்பியதாகச் சைவர் போற்றும் ஓலையும் 'திருமுகப் பாசுரம்'தான். ஆக, கடவுளோ அரசனோ ஓலை விடுப்பது தமிழருக்குப் புதிதல்ல. ஆனால் இந்தப் பெயர்களால் ஒரு சிறு மயக்கமும் உண்டாகிறது. பவுல் அரசாணை விடுக்கவில்லை. சண்டையிட்டுக்கொண்டிருந்த, கடன்பட்டிருந்த, பயந்திருந்த சிறு கூட்டங்களுக்கு அவர் எழுதினார். அவர் சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுதுவார்; ரோமர் நிருபத்தை எழுதிய தெர்தியு தன் பெயரையே அதில் சேர்த்திருக்கிறார். கடிதம் போய்ச் சேர்ந்ததும் சபை கூடி உரக்க வாசிக்கக் கேட்கும். கொலோசெ சபையும் லவோதிக்கேயா சபையும் தங்களுக்கு வந்த கடிதங்களை மாற்றிக்கொண்டு வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டன.

தமிழில் இவை முதலில் அச்சேறியது தரங்கம்பாடியில். சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1715-இல் அங்கே முழுமை பெற்றது. பின்னர் பப்ரிசியுஸ், பாளையங்கோட்டையில் பணியாற்றிய ரேனியஸ் முதலியோர் புதிதாக மொழிபெயர்த்தனர். வளர்ச்சி பற்றிய பவுலின் முக்கியமான சொல் ஒன்று சீர்திருத்தச் சபையாரின் பழைய தமிழ் வேதாகமத்தில் 'பக்திவிருத்தி' என்று வருகிறது. கிரேக்கத்தில் அதன் பொருள் வீடு கட்டுதல். தமிழில் கேட்கும்போது அது ஒருவருடைய உள்ளத்தில் நடப்பதாகத் தோன்றுகிறது. மூலத்திலோ கல்லின்மேல் கல் வைத்துப் பலர் சேர்ந்து எழுப்பும் சுவர். பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் வேறுபாடு இது.

தெற்கே நடந்த பிளவு

கொரிந்து சபையார் பவுலின் ஆள், அப்பொல்லோவின் ஆள், கேபாவின் ஆள் என்று கட்சி கட்டியிருந்தனர். அவர்களைத்தான் பவுல் இன்னும் பாலருந்தும் குழந்தைகள் என்கிறார். கட்டியான உணவு அவர்களுக்கு மறுக்கப்பட்டதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல, பொறாமையும் வாக்குவாதமும். நட்டவர் ஒருவர், தண்ணீர் பாய்ச்சியவர் ஒருவர், விளையச் செய்பவர் கடவுள் என்ற உவமையும், அடுத்து வரும் கட்டட உவமையும் அதே சண்டையைத் தீர்க்கச் சொல்லப்பட்டவையே.

திருநெல்வேலியில் இது அப்படியே மீண்டும் நடந்தது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் பதினைந்து ஆண்டுகளில் பல சபைகளை உருவாக்கினார். அவர் ஜெர்மானிய லுத்தரன். அவரை அனுப்பிய சங்கமோ ஆங்கிலிக்கன். ஆங்கிலிக்கன் முறைமைகளை அவர் வெளிப்படையாகக் குறைகூறியதால் 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. உபதேசியார்களும் சபைகளும் இரண்டாகப் பிரிந்தனர். தங்களுக்கு எழுத்தறிவித்த ஐயரைக் கைவிடுவதா, சங்கத்தை மீறுவதா என்று கிராமத்து உபதேசியார் ஒருவர் தவித்திருப்பார் என்பதை எளிதில் உணரலாம். (அக்காலத் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் மிஷனரிகளை 'ஐயர்' என்றே அழைத்தனர்.) 1838-இல் ரேனியஸ் இறந்தபின் பெரும்பாலோர் மீண்டும் ஒன்றுசேர்ந்தனர். இரு தரப்பாரின் கையிலும் கொரிந்தியர் நிருபம் இருந்தது. அந்தத் தமிழை எழுதியவர்களில் ஒருவர் ரேனியஸ் என்பதை மறக்க வேண்டாம்.

பந்தி

கலாத்தியர் நிருபத்தில் ஒரு சாப்பாட்டு நிகழ்ச்சி வருகிறது. அந்தியோகியாவில் யூதரல்லாதவருடன் ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். ஆவியின் கனிகளை வரிசையாகச் சொல்லும் பகுதி அதே நிருபத்தில் பின்னால் வருகிறது. அந்தக் கனிகளை மட்டும் தனியாக எடுத்து மனப்பாடம் செய்பவர்கள் பந்தியை விட்டுவிடுகிறார்கள்.

தமிழகத்தில் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. தஞ்சாவூர்ப் பழைய சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் இருந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பவுலின் கடிதங்களைப் போலவே இதுவும் சபைகளில் வாசிக்கப்பட்டது. விளைவாக வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு வெளியேறினர். சாதி என்பது சமூக மரியாதையைச் சேர்ந்தது, விசுவாசத்தைத் தொடுவதில்லை என்பது அவர்கள் வாதம். தஞ்சைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் பழைய வழக்கத்துக்கு ஆதரவாக எழுதியவர். வெள்ளையர் தங்கள் நாட்டு உயர்வு தாழ்வை வைத்துக்கொண்டு நம்மிடம் மட்டும் கேட்பதா என்ற கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் கலாத்தியரை வாசித்தவருக்கு அந்த வாதம் பேதுருவின் வாதமாகவே ஒலிக்கும். பேதுருவும் விசுவாசத்தை மறுக்கவில்லை. இடம் மாறி உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

வடக்கே கூடாரங்கள்

ராக்லண்ட் 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். 1845-இல் சென்னைக்கு வந்து சங்கத்தின் செயலாளராக மேசைப் பணி செய்தார். தெற்கே சபைகள் பெருகியிருக்க வடக்கே எவரும் போகவில்லை என்பது அவரை உறுத்தியது. டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் இருவரையும் சேர்த்துக்கொண்டு, பங்களா கட்டாமல் கூடாரத்திலேயே தங்குவது என்று முடிவு செய்தார். கரிசல் மண்ணில் சித்திரை வைகாசி வெயிலில் கூடாரத்துக்குள் இருப்பது எப்படி என்று அந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பவுலும் கூடாரத்தோடு தொடர்புடையவர்தான். கூடாரம் செய்வது அவர் தொழில். ஆனால் பொருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. தெற்கத்திச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து வடக்கே அனுப்பி, செலவையும் ஏற்றுக்கொண்டன. பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து வழியாகப் பவுலுக்குப் பணம் அனுப்பியதும் இதே வகை. வந்த இடத்தில் அந்த மனிதர் நோயுற்றுச் சாகக் கிடந்தார். பெறுவதிலிருந்து கொடுப்பதற்கு நகரும் சபையைத்தான் பிலிப்பியர் நிருபம் மகிழ்ச்சியோடு பேசுகிறது. பிளவுபட்டு ஒன்றுசேர்ந்து இருபது ஆண்டுகூட ஆகாத திருநெல்வேலிச் சபைகள் அதைச் செய்தன. இந்த வரலாற்றில் மிஷனரிகளின் பெயர்களே நிலைத்திருக்கின்றன. முறைவைத்து நடந்துவந்த உபதேசியார்களே வளர்ச்சிக்குச் சரியான சான்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அவர்கள் பேசிய ஊர்கள் பக்தி அறியாத ஊர்கள் அல்ல. திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் ஊர். மார்கழி விடியலில் திருப்பாவை ஒலிக்கும் தெருக்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையம். கூட்டம் கூட்டமாக எவரும் மதம் மாறவில்லை. ராக்லண்டுக்கு நுரையீரல் நோய் முன்பே இருந்தது. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இரத்தக்குழாய் வெடித்து இறந்தார், வயது 43. எண்ணிக் காட்டும்படி பெரிய பலன் எதையும் அவர் காணவில்லை.

ஃபென்னும் மெடோஸும் பணியைத் தொடர்ந்தனர். பின்னாளில் சிவகாசியை அடுத்த சாட்சியாபுரம் அந்த மிஷனின் நிலையமாயிற்று. 1861-இல் பெரோன் என்பவர் ராக்லண்டின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 1922-இல் டோனாவூரிலிருந்து ஏமி கார்மைக்கேல் அவரைப் பற்றி மற்றொரு நூல் எழுதினார். முந்தைய நூலில் பெரும்பகுதி ராக்லண்ட் எழுதிய கடிதங்களைக் கொண்டே ஆக்கப்பட்டது.