படம் மறைத்த கரை

வகுப்பிலே நிலநூல் பாடம். கரீபியத் தீவுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாட்காட்டியிலிருந்து கிழித்தெடுத்த படமொன்றை மாணவன் ஒருவன் நீட்டினான். நீலக்கடல், வெண்மணல், காற்றுக்குத் தலைசாய்த்து நிற்கும் தென்னை. ஜமைக்காத் தீவின் கரை அது. “ஐயா, இந்த ஊரிலே ஆட்களே இல்லையா?” என்று கேட்டான்.

சிறுவன் கேட்டான், ஆனால் கேள்வி சிறிதன்று. வரலாறு எழுந்து நின்று விடை கூறவேண்டிய கேள்வி!

ஆளில்லாக் கரையா அது? 1494-இல் கொலம்பசின் கப்பல் ஜமைக்காவைத் தொட்டபோது, அங்கே தைனோ மக்கள் பயிரிட்டு, மீன்பிடித்து வாழ்ந்திருந்தனர். வாளும் நோயும் வேலைக் கொடுமையும் அவர்களை வாரிக்கொண்டன. ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டுக் கொணர்ந்து கரும்புக் காட்டிலே இறக்கினர். 1838-இல் முழு விடுதலை வந்தது. பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளுக்கென 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கியது. யாருக்கு? முதுகிலே தழும்பேறியவர்க்கா? இல்லை, சாட்டை பிடித்த முதலாளிகளுக்கு!

படத்திலே நிற்கும் தென்னம்பிள்ளைகூட அந்த மண்ணின் பிள்ளையன்று. ஐரோப்பியர் கொண்டுவந்து நட்டது. கரும்பும் வாழையும் அவ்வாறு வந்தவையே. அடிமைகளுக்கு மலிவான உணவாகட்டுமென்று 1793-இல் கப்பல் தலைவர் பிளை கொண்டு சேர்த்தது சீமைப்பலா. இயற்கையென்று நாம் வியக்கும் காட்சிக்குள் இத்தனை கணக்குகள் இருக்கின்றன.

அந்தக் காட்சி விலைப்பொருளானது எப்போது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரும்பு வாணிகம் சரிந்தது. காய்ச்சலுக்குப் பெயர்போன தீவென்று வெள்ளையர் அஞ்சினர். அச்சத்தைப் போக்கி, பணமும் பயணிகளும் வரச் செய்யவேண்டும். 1891-இல் கிங்ஸ்டன் நகரிலே பெருங்கண்காட்சி நடந்தது; 3 இலட்சத்துக்கும் மேலான வருகைகள் பதிவாயின. அதே ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு டண்டீ நகரத்து வாலண்டைன் நிறுவனத்தார் தீவைப் படமெடுத்தனர். 1903-இல் ஜேம்ஸ் ஜான்ஸ்டன் என்னும் மருத்துவர், ‘ஜமைக்கா: தி நியூ ரிவியரா’ என்ற படநூலை வெளியிட்டார். ஐரோப்பியச் செல்வர் உலவும் கடற்கரையின் பெயரை ஏழைத்தீவுக்குச் சூட்டினார்! 1899-இல் உருவான யுனைடெட் புரூட் நிறுவனத்தின் கப்பல்கள் வாழைத்தாரை ஏற்றிச் சென்றன; பயணிகளை இறக்கிச் சென்றன.

படங்களிலே மனிதர் அறவே இல்லாமலில்லை. போர்ட் அன்டோனியோ போன்ற துறைகளிலே தலையில் வாழைத்தார் சுமந்து கப்பலேற்றிய பெண்கள் படத்தில் நிற்கின்றனர். அடியிலே ஊரின் பெயர் உண்டு; பழத்தின் பெயர் உண்டு. அவள் பெயர் பெரும்பாலும் இல்லை. அவளும் ஒரு மரம், அவளும் ஒரு காட்சி!

இந்தக் கதையில் நமக்கும் பங்குண்டு. 1845 முதல் ஒப்பந்தத் தொழிலாளராக இந்தியர் டிரினிடாடுக்கும் ஜமைக்காவுக்கும் சென்றனர். புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர் பலர் மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்குச் சென்றனர். டிரினிடாடிலே இந்தியப் பெண்களை நகைகளோடு நிறுத்திப் படமெடுத்து, அஞ்சலட்டையில் ‘கூலிப் பெண்’ என்று அச்சிட்டு விற்றனர். நம் மொழியிலே உழைப்பின் ஊதியத்தைக் குறிக்கும் சொல், அங்கே உழைத்தவளின் பெயராயிற்று!

பகாமாஸ் தீவிலே பிறந்த அறிஞர் கிறிஸ்டா தாம்ப்சன், இத்தகைய படங்களை ஆராய்ந்து 2006-இல் ஒரு நூல் எழுதினார். தீவைப் பார்த்துப் படமெடுத்தது போய், படத்தைப் பார்த்துத் தீவைத் திருத்த முனைந்தனர் என்பதே அவர் காட்டும் உண்மை. பயணி கண்டு மகிழ, தீவு படத்தைப்போல் இருக்கவேண்டுமாம்!

அழகைப் பழிக்கவில்லை நான். கடல் அழகுதான். ஆனால் அந்த அழகு யாருக்கு? ஜமைக்காவின் 1956-ஆம் ஆண்டுக் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கரையோர உரிமையை முடியரசின் உடைமையாக்கியது. கடலிலே குளிக்கப் பொதுமக்களுக்குப் பொதுவுரிமை எதையும் அது வழங்கவில்லை. விடுதிகள் எழுந்தன, வேலிகள் எழுந்தன. தலைமுறை தலைமுறையாக நீந்திய கரைக்கு வழிகேட்டு, அண்மை ஆண்டுகளில் அந்நாட்டு மக்களே வழக்குமன்றத்தின் படியேறியிருக்கின்றனர்.

மாணவனிடம் படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். “ஆட்கள் இருக்கிறார்கள் தம்பி. சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள்” என்றேன்.

“எந்தச் சட்டம் ஐயா? படத்தைச் சுற்றி அடிக்கிற மரச்சட்டமா, அரசாங்கம் போடுகிற சட்டமா?” என்றான்.

இரண்டும்தான் என்றேன். முதற்சட்டம் மறைத்தவர்களை, இரண்டாம் சட்டம் மறந்துவிட்டது.