வாரிசு இல்லாத வீடு

'டவுன்டன் அபி' தொடரில் வரும் அந்தப் பெரிய மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். நிஜத்தில் அது இங்கிலாந்தின் ஹைகிளியர் மாளிகை. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்த கொஞ்ச காலத்தில், 1840களில், லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சார்லஸ் பேரி அதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தார். கார்னர்வன் பிரபு குடும்பம்தான் இன்றும் அதன் சொந்தக்காரர்கள். வீட்டின் கதையைச் சொல்ல வீட்டுக்காரர்களே இருக்கிறார்கள்.

செஞ்சியில் அப்படி யாரும் இல்லை. ராஜகிரி மலையடிவாரத்தில் அரண்மனை இருந்த இடத்தில் இன்று அடித்தளம் மட்டும்தான். தொல்லியல் துறை தோண்டி எடுத்த செங்கல் வரிசைகள், படிகள், மேடைகள். எது படுக்கையறை, எது அடுக்களை என்று நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பக்கத்தில் கல்யாண மகால் மட்டும் முழுசாக நிற்கிறது. நாயக்கர் காலத்தது என்பது பொதுவான கணிப்பு. நடுவில் சதுரக் கோபுரம், உச்சியில் பிரமிடு போன்ற கூரை, சுற்றிலும் முற்றமும் அறைகளும். கோபுரத்தின் ஒவ்வொரு நிலையிலும் ஒரு சின்ன அறை, அதைச் சுற்றி வளைவுகள் வைத்த நடை. வளைவுகள் சுல்தான்களின் பாணி, கூரை நம்ம கோயில் விமானத்தின் சாயல். வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து மண் குழாய் வழியாக மேல்மாடிக்குத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். மோட்டார் கிடையாது. தேக்கம் உயரத்தில் இருந்தால் தண்ணீர் தன் மட்டத்தைத் தேடித் தானே ஏறும், அவ்வளவுதான் சூட்சுமம்.

இவ்வளவும் கட்டிய குடும்பத்தின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊரில் கேட்டால் "தேசிங்கு ராஜா கோட்டைங்க" என்பார்கள். தேசிங்கு ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி, இளவயதிலேயே இறந்தார். அவர் கட்டியதாக இங்கே எதுவும் சொல்ல முடியாது. ஆனால் கூத்தும் கதைப்பாட்டும் அவரைத்தான் பிடித்துக்கொண்டன. அவருக்கு முன்னாலேயே 1649இல் பீஜப்பூர், 1677இல் சிவாஜி, எட்டு வருஷ முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயர் என்று கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. இத்தனை கை மாறிய வீட்டுக்கு யார் வாரிசு?

1750இல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தது. அப்போது புதுச்சேரி கவர்னர் துய்ப்ளே. 1761இல் ஆங்கிலேயரிடம் பறிபோனது. கீழ்க்கோட்டையில், 16ஆம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கர் கட்டிய வேங்கடரமணர் கோயிலின் நெடிய ஒற்றைக்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். 1870இல் கடற்கரையில் துய்ப்ளேவுக்குச் சிலை வைத்தபோது அந்தத் தூண்கள் அவரைச் சுற்றி நின்றன. விடுதலைக்குப் பின் துய்ப்ளே சிலை இடம் மாறியது; காந்தி வந்தார். தூண்கள் அங்கேயே நிற்கின்றன. செல்ஃபி எடுக்கிற கூட்டத்தில் எத்தனை பேர் அவற்றைச் செஞ்சிக் கற்கள் என்று நினைக்கிறோம்?

2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சந்தோஷம்தான். சிவாஜியும் ராஜாராமும் இங்கே இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பலகையிலும் கட்டியவர்கள் பின்வரிசைக்குத்தான் போகிறார்கள். ஹைகிளியரில் குடும்பம் இருப்பதால் வீட்டின் கதை தங்கியது. இங்கே குடும்பம் இல்லை. அடுத்த முறை செஞ்சி போனால் கல்யாண மகால் வாசலில் கொஞ்சம் உட்காருங்கள். கூட வந்த பிள்ளைகளுக்குத் தேசிங்கு கதையைச் சொல்லுங்கள், அப்படியே நாயக்கர்கள் பெயரையும் சொல்லிவிடுங்கள்.