20 கம்ப்யூட்டர், ஒரே ஸ்கிரிப்ட்: டிஸ்க் பிரிக்கும்போது எங்கே சறுக்கும்?

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கைட் நிறுவனம், கேரளப் பள்ளிகளுக்காக உபுண்டு அடிப்படையில் தனி லினக்ஸ் பதிப்பே வெளியிடுகிறது. அப்படி ஒரு பள்ளி லேபில் 20 மெஷின் உங்க பொறுப்புன்னு வைங்க. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து 'நெக்ஸ்ட்' அழுத்தினால் அன்றைய நாள் காலி.

டெபியன், உபுண்டு குடும்பத்தில் இதற்குப் பழகிய வழி ப்ரீசீட். இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிய டெக்ஸ்ட் ஃபைல், அவ்வளவுதான். டிஸ்க்கைப் பிரிக்க ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று எண்கள்: குறைந்தபட்ச அளவு, முன்னுரிமை, அதிகபட்ச அளவு. 'முன்னுரிமை'ன்னு பேர் இருந்தாலும் அது வரிசை எண் இல்லை. மிச்ச இடத்துக்கான போட்டியில் அந்தப் பகுதியின் பலம். ரொம்பக் குறைவாகக் கொடுத்தால் அது குறைந்தபட்ச அளவை ஒட்டியே நின்றுவிடும்.

ஆபத்து வேற இடத்துல இருக்கு. 'டிஸ்க்கை அழிக்கலாமா?' என்ற கேள்விக்கும் ஃபைலிலேயே 'ஆம்' எழுதிவிடுகிறோம். டிஸ்க் பெயரை 'எஸ்டிஏ' என்று கொடுத்திருந்தால், பென் டிரைவிலிருந்து பூட் செய்யும்போது அந்தப் பெயர் பென் டிரைவுக்கே போகலாம். இரண்டு டிஸ்க் உள்ள மெஷினில் ஆசிரியர் சேமித்த வினாத்தாள்கள் போகலாம்.

உபுண்டு சர்வர் 20.04-இல் வந்த ஆட்டோஇன்ஸ்டாலில் டிஸ்க்கை அதன் சீரியல் எண்ணை வைத்தே குறிப்பிடலாம். ப்ரீசீட்தான் கையில் இருக்குன்னா, அழியக்கூடாத டிஸ்க்கின் கேபிளை முதல்ல கழற்றிடுங்க.